கையெழுத்து மட்டும் போடுகிற ராஜா

டேக்பகதூர் கார்மேகத்துக்குத் தர வேண்டியது ஆயிரத்து நானூற்று முப்பத்தைந்து ரியால். தோஹாவின் தொழிற்பேட்டையான சனையாவில், தொழிலாளர் கேம்ப் அறைகளுக்குள் கைமாறும் பணத்துக்கு யாரும் எழுத்து வைத்துக்கொள்வதில்லை. வாய்ச்சொல்தான் பத்திரம், பக்கத்துக் கட்டில்காரன் சாட்சி. கார்மேகம் மட்டும் எழுதி வைத்தார். கௌஸ் முகைதீன் கடையில் வாங்கிய நோட்டில், மூன்றாம் பக்கத்தில், அரைமணி நேரம் உட்கார்ந்து எழுதினார். முதல் பக்கம் முழுக்க மனைவி பெயர், சரோஜா, பதினாறு தடவை. இரண்டாம் பக்கத்தில் மகள் ஜெயலட்சுமி. அந்த 'ட்சு' அவரை ஒரு வாரம் படுத்தி எடுத்துவிட்டது. மூன்றாம் பக்கம் இந்தக் கடன். முன்னதெல்லாம் பழக்கம், இது காரியம். எழுதி முடித்துக் கீழே தன் கையெழுத்தையும் போட்டுவிட்டு, கடன் கொடுத்தவனா வாங்கியவனா யார் கையெழுத்துப் போட வேண்டும் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாற்பத்தொரு வயது வரைக்கும் அவருக்குக் கட்டைவிரல்தான் பெயர். சம்பளத் தாளில் அமுக்கினால் நீல மை மறுநாள் குளியல் வரை போகாது. அந்த விரலோடு சோறு பிசைவார். ஊருக்குப் போயிருந்தபோது மகளின் ஆறாம் வகுப்பு மார்க் அட்டையிலும் அதையே வைத்தார். ஜெயலட்சுமி அட்டையை வாங்கி, மை காய்வதற்கு முன்பே மடித்து, புத்தகத்துக்குள் செருகிக்கொண்டாள். அந்த மடிப்புச் சத்தம் கார்மேகத்தின் காதுக்குள் விமானம் ஏறி தோஹா வரைக்கும் வந்தது.

படிக்க வைத்தது ஒரு பலகை. சைட் வாசலில் ஆள் உயரத்துக்கு ஒன்று நிற்கும். தலைக்கவசம் இல்லாமல் உள்ளே வராதே என்று ஒன்பது மொழிகளில் எழுதியிருக்கும், மேலே மஞ்சள் தொப்பி படம். விஷயம் தெரியாமலா பத்து வருசம் சாரம் கட்டுகிறார்கள்? விஷயம் தெரிந்த பிறகு எழுத்தைப் பிடிப்பது அவ்வளவு சிரமமில்லை என்பது அவருக்கு அங்கே நின்றுதான் புரிந்தது. வருகைப் பதிவுக்கு வரிசை நகரும் இருபது நிமிடமும் பலகையிலேயே கண். முதலில் 'த' பிடிபட்டது. பிறகு 'லை'. அவருக்கு முன்னால் நிற்கும் டேக்பகதூர் தன் மொழி வரியை ஒரு தடவை வாசித்துவிட்டு, இவர் வாய் முணுமுணுப்பதை வேடிக்கை பார்ப்பான். இரண்டு வருசம் கழித்து ஒரு சம்பள நாளில், காசாளன் நீட்டிய மைப்பெட்டியைக் கார்மேகம் புறங்கையால் தள்ளிவிட்டுப் பேனா கேட்டார். அன்று அறைக்கே கரக் டீ.

அறையில் மூன்று பேர். கார்மேகம் முதுகுளத்தூர்ப் பக்கம். ஏசி மெக்கானிக் யேசுராஜ் குளச்சல், வாயைத் திறந்தால் நக்கல். கார்மேகத்தின் கட்டிலுக்கு மேல் கட்டிலில் டேக்பகதூர், நேபாளத்து மலைக்காரன், அதே சாரம் கட்டும் கூட்டம். ஆறு வருசம் தமிழ் ஆட்களோடு கிடந்ததில் அவனுக்கு ஒரு தமிழ் வந்திருந்தது. வினைச்சொல்லைக் கீழே போட்டுவிட்டு மற்றதைத் தூக்கிக்கொண்டு வருகிற தமிழ்.

அந்தக் குளிர்காலத்தில்தான் அவனுக்கு ராஜா பித்துப் பிடித்தது. நேபாளத்தில் ராஜாவை இறக்கிக் குடியரசு ஆக்கிப் பல வருசமாயிற்று. இப்போது அங்கே கொஞ்சம் பேர், ராஜா திரும்பி வரட்டும், ஆள வேண்டாம், சட்டத்துக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருந்தால் போதும் என்று ஊர்வலம் போக ஆரம்பித்திருந்தார்கள். டேக்பகதூர் ஃபோனை நெஞ்சில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தான்.

"லேய் டேக்கு, ராஜா இல்லாம நெனக்கு ஒறக்கம் வரல்லியோ? வந்தா நெனக்கு ஓவர்டைம் கூட்டிப் போடுவாரா?" என்றான் யேசுராஜ்.

"ராஜா ஆர்டர் இல்ல பாய். மந்திரி இருக்கு, எலக்சன் இருக்கு, கோர்ட்டு இருக்கு, எல்லாம் இருக்கு. ராஜா மேல உக்காரும். பேப்பர் வரும். சைன் போடும். கலாஸ்."

"அம்புட்டுதானா? அதுக்கு நம்ம டைம்கீப்பர் போருமே. அவனும் சைன் மட்டுந்தான் போடுதான்."

யேசுராஜ் சிரித்தான், டேக்பகதூரும் சிரித்தான். கார்மேகம் சிரிக்கவில்லை. ஒரு மனிதனுக்கு வேலையே கையெழுத்துப் போடுவதுதானா என்று அவர் மனம் ஓரிடத்தில் நின்றுவிட்டது. பிரம்பு நாற்காலி மாதிரி ஏதோ ஒன்றில் அந்த ராஜா உட்கார்ந்திருப்பார். தாள் வரும். பேனாவைத் திறப்பார். ஒரு நாட்டு ஜனமே அவர் பேனாவை மூடுகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

"எங்க ஊர்லயும் ராஜா இருந்தாருப்பா. ராமநாதபுரத்துல அரண்மனை இருக்கு" என்றார்.

"இப்ப?"

"இப்ப அரண்மனைன்னா பஸ் ஸ்டாப்பு. எறங்கி வளையல் வாங்கலாம்."

டேக்பகதூர் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. கட்டிலிலிருந்து தலையைக் கீழே தொங்கவிட்டு, யோசித்து யோசித்துச் சொன்னான். சாரத்தில் குழாய் நடுகிறோம், கிளாம்ப் போடுகிறோம், பலகை போடுகிறோம். எல்லாவற்றுக்கும் வேலை உண்டு. அடியில் மண்ணில் ஒரு தகடு வைக்கிறோமே, அதற்கு என்ன வேலை? ஒன்றுமில்லை. சும்மா கிடக்கும். "அது எடுத்தா?" என்று கேட்டுவிட்டு, கையை விரித்து, பத்து மாடிச் சாரம் சரிவதை விரல்களால் காட்டினான். யேசுராஜ் அந்த விரல்களைப் பார்த்தான். பிறகு, "தகடு கெட்டுப் போனா என்னலே செய்வ?" என்றான். டேக்பகதூர் தலையை மேலே இழுத்துக்கொண்டான்.

விடியலில் பஸ் ஒரு மணி நேரம் ஓடும். அரைத் தூக்கத்தில் எல்லோர் தலையும் ஒரே பக்கம் ஆடும். கண்ணாடிக்கு வெளியே புழுதியும் பனியும் கலந்து சனையாவின் தகரக் கொட்டகைகள் மலை மாதிரி மிதக்கும். டேக்பகதூர் காட்டிய படத்தில் ராஜாவின் கிரீடத்தில் ஒரு பறவையின் நீள வால் சரிந்து கிடந்தது. கார்மேகத்தின் அரைத் தூக்கத்தில் அந்த ராஜா ஜன்னலோர சீட்டில் வந்து உட்கார்ந்தார். கிரீடத்து வால் பஸ் குலுக்கலில் ஆடியது. மடியில் ஒரு கத்தைத் தாள். மார்க் அட்டைகள். ஒவ்வொன்றாக எடுத்துக் கையெழுத்துப் போட்டு, மை காயும் வரை ஊதி, பின் சீட்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார். இறங்கும் இடம் வந்ததும் தன் சீட்டில் புழுதியைத் தட்டிவிட்டு எழுந்துகொண்ட மாதிரி கார்மேகத்துக்கு இருந்தது.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமைக் காலை, துணி காயப்போடும் கம்பிகளுக்கு இடையில் நேபாளத்து ஆட்கள் இரண்டிரண்டு பேராக வந்து போனார்கள். கூட்டம் கூடினால் கேம்ப் பாஸ் கேள்வி கேட்பான், கொடி பிடித்தால் ஊருக்கு டிக்கெட் போட்டுவிடுவார்கள். அதனால் துவைத்த துணி எடுக்க வருகிற மாதிரி வந்தார்கள். கம்பியில் கம்பெனி கொடுத்த வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்று தொங்கியது. ஒவ்வொருவனும் பாக்கெட்டிலிருந்து கறுப்பு மார்க்கரை எடுத்து அதில் பெயர் எழுதினான். வெளிநாட்டில் கிடக்கிறவனுக்கு எங்கள் ஊரில் ஓட்டு இல்லை, இந்தத் துணிதான் எங்கள் ஓட்டு, காத்மாண்டு ஊர்வலத்தில் இதைப் பிடித்துக்கொண்டு போவோம் என்று டேக்பகதூர் சொன்னான்.

லுங்கி எடுக்க வந்த கார்மேகம் நின்று பார்த்தார். வெள்ளைத் துணி காற்றில் உப்பியது. அத்தனை கையெழுத்துகள், ஒருவர் அதட்டாமல், காசாளன் விரல் காட்டாமல், அவரவர் விருப்பத்துக்குப் போட்டவை. மார்க்கரை நீட்டியவன் ஆள் யாரென்று பார்க்கவில்லை. கார்மேகமும் யோசிக்கவில்லை. துணியின் ஓரத்தை இடது கையால் இழுத்துப் பிடித்து, கா, ர், மே, க, ம் என்று உள்ளங்கை அகலத்துக்கு எழுதி முடித்தார். அப்புறம்தான் சுற்றிலும் சிரிப்பு.

"கார்மேக் பாய்! நீ நேபாளி இல்ல!"

"அய்யய்யோ. அழிச்சிர்றா, அழிச்சிரு."

"மார்க்கர் அழியாது பாய்."

இன்னொரு நாட்டு ராஜாவைக் கேட்டு மனுப் போட்டுவிட்டோமே, இது கேசாகுமா என்று அவர் கேம்ப் பாஸ் வருகிறானா பார்த்தார். வெட்டி எடுத்துவிடலாம் என்றான் ஒருவன். டேக்பகதூர் துணியை முகத்துக்கு அருகில் இழுத்து அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்தான். "இருக்கட்டும். ராஜாக்கு ஒரு விருந்தாளி" என்றான்.

ஊர்வலத்துக்குப் பத்து நாள் இருக்கையில், சாரத்தின் ஒன்பதாவது தட்டில் மத்தியானச் சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு அவன் விஷயத்தைச் சொன்னான். அவன் அப்பா வார்டு ஆபீஸில் பியூன். முப்பது வருசம் சுவரில் தொங்கிய ராஜா ராணி படத்தைத் தினம் காலையில் துடைத்தவர். ராஜாவை இறக்கிய அன்று, சிவப்புக் கொடியோடு உள்ளே புகுந்த பையன்களில் ஸ்டூலில் ஏறி அந்தப் படத்தைக் கழற்றித் தரையில் போட்டது இவன்தான். கைதட்டினார்கள். அப்பா துடைப்பம் எடுத்து வந்து கண்ணாடியைக் கூட்டினார். ஒரு சில்லு விடாமல், இவன் காலடியில் கிடந்ததைக் கூட, "கால எடு" என்று சொல்லிக் கூட்டினார். அதற்கப்புறம் இவனோடு அவர் பேசவில்லை. இவன் கத்தாருக்கு வந்த இரண்டாம் வருசம் செத்துப்போனார்.

"அப்பாகிட்ட கடைசி வார்த்த 'கால எடு'. அந்த ஊர்வலம் நான் போணும் பாய். ராஜா வந்தா வரட்டும், வராட்டி போகட்டும். நான் நடக்கணும்."

லீவு பத்து நாள் கிடைத்தது. டிக்கெட் சொந்தக் காசு. கையில் இல்லை, போன மாதம்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தான்.

கார்மேகத்திடம் இருந்தது. ஒரு வருச ஓவர்டைம். வைகாசியில் ஜெயலட்சுமிக்குப் ப்ளஸ் டூ முடிவு வந்து காலேஜில் சேர்ப்பார்கள். விண்ணப்பத்தில் தந்தை கையொப்பம் என்று ஒரு கட்டம் இருக்குமாம். அந்தக் கட்டத்துக்காகவே போய்வரச் சேர்த்த பணம். டேக்பகதூர் திரும்பி வந்து இரண்டு சம்பளத்தில் தீர்த்துவிட்டால் வைகாசிக்குச் சரியாக இருக்கும். அவர் சோற்றை மூடி வைத்தார். கீழே தரையில் வரிசையாகத் தகடுகள் வெயிலில் மினுங்கின.

சரோஜாவிடம் ஃபோனில் சொன்னார்.

"யாருக்குக் குடுத்தீக?"

"ராஜாவுக்கு. அதாவது ராஜாவக் கூப்புடப் போற பயலுக்கு."

"எந்த ராஜாவுக்கு? நம்ம வீட்டுக் கூரைக்கு ஓலை மாத்த ஒரு ராஜாவும் வரல, நீங்க எந்த ஊரு ராஜாவுக்குப் படி அளக்குறீக?" என்றவள், குரலை இறக்கி, "வைகாசிக்கு வந்துருவீகள்ல?" என்றாள்.

"வந்துருவேன்."

டேக்பகதூர் விரிப்பை மடித்துச் சட்டைகளுக்கு அடியில் வைத்து எடுத்துக்கொண்டு போனான். போகும்போது கடன் எழுதிய மூன்றாம் பக்கத்தில், கார்மேகத்தின் கையெழுத்துக்குப் பக்கத்தில், தன் மொழியில் அவனும் ஒன்று போட்டான். மேலே கோடிழுத்து எழுத்துகளைக் கயிற்றில் துணி போலத் தொங்கவிடும் மொழி.

ஊர்வலத்தன்று மத்தியானம் யேசுராஜ் சைட்டின் இன்னொரு மூலையிலிருந்து ஓட்டமாக வந்தான். ஏசி ஆட்கள் இந்தப் பக்கம் வரவே கூடாது. "அண்ணாச்சி, இதப் பாரும்! கையத் தொடச்சிட்டுப் பாரும்!"

யாரோ எடுத்த வீடியோ. கரை காணாத கூட்டம், பூப்போட்ட தொப்பிகள், சத்தம். நடுவில் வெள்ளை விரிப்பு வருகிறது, ஆறேழு பேர் பிடித்திருக்கிறார்கள். டேக்பகதூர் முகம் ஒரு நொடி. துணியின் ஓரம் காற்றில் மடிந்து, மறுபடி விரிந்தபோது உள்ளங்கை அகல எழுத்துகள். கார்மேகம்.

"உம்ம பேரு காத்மாண்டுல நடந்து போவுது, அண்ணாச்சி! பாஸ்போர்ட் இல்லாம!"

கார்மேகம் பதினோரு தடவை பார்த்தார். ஒவ்வொரு தடவையும் அந்த மடிப்பு விரிகிற இடத்தில் மூச்சை நிறுத்தினார். யேசுராஜ் அதை அவர் ஃபோனுக்கு அனுப்ப, அவர் சரோஜாவுக்கு அனுப்பினார். என்ன அனுப்பினாலும் வராத பதில் அன்று சாயங்காலம் வந்தது. மகளே எழுதியிருந்தாள். எழுத்துக் கூட்டித்தான் வாசித்தார்: அப்பா இது நீங்க எழுதினதா.

ராஜா வரவில்லை. கூட்டம் கலைந்தது. பத்து நாள் லீவு பதினைந்தாகி, இருபதாயிற்று. டேக்பகதூரின் எண் அணைந்து கிடந்தது. முப்பதாம் நாள் கம்பெனி அவன் விசாவை ரத்து செய்து, மேல் கட்டிலுக்கு ஒரு பீகார்க்காரனை அனுப்பியது. கௌஸ் முகைதீன் கடையில் கல்லாவுக்குப் பின்னாலிருந்து, "என்ன மாப்ள, ராஜா கூட்டாளி ஆளக் காணோம்? ராஜாவே தலைமறைவா?" என்று கேட்டார். கார்மேகம் சிரித்துவைத்துவிட்டு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு வந்தார். சித்திரை முடிந்தது. வைகாசி வந்தது. விண்ணப்பத்தில் சரோஜா தன் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அந்த வாரம்தான் புதிதாக வேறு கம்பெனிக்கு வந்த ஒருவன், டேக்பகதூரின் ஊர்க்காரன், கேம்ப் வாசலில் விசாரித்து வந்து ஒரு கவரைக் கொடுத்தான். உள்ளே நாலாய் மடித்த ஐந்நூறு ரூபாய் நேபாள நோட்டு ஒன்று. பழசு. ஒரு பக்கம் பனிமலை, மறு பக்கம் புலிகள், வலது ஓரத்தில் பெரிய சிவப்பு மலைப்பூ. வேறு ஒன்றும் இல்லை. கௌஸ் முகைதீன் திருப்பிப் பார்த்து, "நல்லா வந்தா பதிமூணு ரியால் வரும் மாப்ள. மீதி ஆயிரத்து நானூத்துச் சில்லறைக்கு புலிதான் ஜாமீன்" என்றார்.

வந்தவனின் ஃபோனில் ஒரு குரல் பதிவு இருந்தது. கார்மேகம் கடை வாசலில் நின்று காதில் வைத்தார்.

"கார்மேக் பாய். துணி கூட்டத்துல கைமாறிப் போச்சு. இப்ப யார்கிட்டன்னு தெரியாது. போன் அங்கதான் போச்சு. ஊருக்குப் போனேன். வார்டு ஆபீஸ் சொவத்துல படம் இருந்த எடம் இன்னும் வெள்ளையா இருக்கு பாய், சதுரமா. அதப் பாத்துட்டே டிக்கெட் தேதி போச்சு. இந்த நோட்டு அப்பா பெட்டில இருந்துச்சு. ராஜா எறங்கின டைம் புது நோட்டு அடிச்சான், ஆனா பேப்பர் பழைய பேப்பர். உள்ள ராஜா மொகம், வாட்டர்மார்க். மறைக்க மேல பூ அடிச்சான். அப்பா தினம் காலைல இத வெளிச்சத்துல தூக்கிப் பாப்பாராம், அம்மா சொல்லுச்சு. நான் பாத்தேன். அது என்கிட்ட வேணாம், என்னால முடியல. நீ வெச்சுக்க. நான் செங்கல் சூளைல இருக்கேன். காசு வரும். மெல்ல வரும். வரும் பாய்."

அன்று சாயங்காலம் சரோஜா பேசினாள். பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஒங்க மக காலேஜ்ல சேந்த அன்னைக்கு, பக்கத்துல நின்ன பிள்ளைககிட்ட அந்த வீடியோவக் காட்டுறா. எங்க அப்பா எழுத்து, நேபாளத்துல போகுதுன்னு. நிப்பாட்டி நிப்பாட்டிக் காட்டுறா" என்றாள். பிறகு, "அடுத்த வருசம் வாங்க" என்றாள்.

மறுநாள் காலை கார்மேகம் ஒன்பதாவது தட்டுக்கு ஏறினார். வேலை தொடங்க இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. கீழே தொழிற்கூடங்களும் லாரிகளும் புழுதிக்குள் கரைந்து, கட்டடங்களின் உச்சிகள் மட்டும் தீவுகளாய்த் தெரிந்தன. பலகையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சட்டைக்குள்ளிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து மூன்றாம் பக்கத்தைத் திறந்தார். அவனுடைய கயிற்றில் தொங்கும் எழுத்து, அவருடைய எழுத்து. அவசரப்படவில்லை. ஆயிரத்து நானூற்று முப்பத்தைந்தின் மேல் ஒரு கோடு இழுத்தார், நேராக, கிளாம்பின் விளிம்பை அளவுகோலாகப் பிடித்துக்கொண்டு. கீழே 'தீர்ந்தது' என்று எழுதினார். பேனாவை எடுத்துப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, ஊரே காத்திருக்கிற மாதிரி மெதுவாக, கையெழுத்துப் போட்டார். மை காயும் வரை ஊதினார்.

பிறகு அந்த ஐந்நூறு ரூபாயை இரண்டு கையாலும் விரித்து, காற்று பிடுங்கிவிடாமல் இறுக்கிப் பிடித்து, சூரியனுக்கு நேரே தூக்கினார். முதலில் பூதான் சிவந்தது. புழுதி விலகி வெளிச்சம் ஏறியதும் பூவுக்குள்ளிருந்து ஒரு நெற்றி, ஒரு கண், சரிந்து கிடக்கும் பறவை வால். கீழே ஒரு லாரி போயிற்று, புழுதி எழுந்தது, முகம் பூவுக்குள் போய்விட்டது. அவர் கையை இறக்கவில்லை. புழுதி அடங்கட்டும் என்று பிடித்துக்கொண்டே இருந்தார்.